பக்கத்திலதானே

ஒன்ராறியோவில் காருக்கு வின்ரர் ரயர் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் உண்டு. அங்கே 2008 இலிருந்து அது கட்டாயம். இப்போதைய விதிப்படி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அங்கே பதிவான கார்கள் நான்கு சில்லிலும் வின்ரர் ரயருடன்தான் தெருவுக்கு வரலாம். மொன்றியலில் இருக்கும் என் சிநேகிதி இதைப் பற்றி வீட்டில் யாருடனும் பேச வேண்டியிருந்ததில்லை. டிசம்பர் வந்தால் கணவரின் காருக்கும் போடுவார்கள், அவளுடைய காருக்கும் போடுவார்கள். ரொறன்ரோவில் இருக்கும் எங்களுக்கு அது சாப்பாட்டு மேசையில் தீர்மானமாகிற விஷயம். சாப்பாட்டு மேசையில் தீர்மானமாகிற விஷயங்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம் சாயும் என்று இந்த நூலை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

(ரயர், றிம், பிறேக் என்பவை யாழ்ப்பாணத்து எழுத்துக்கூட்டல். பதிப்பாளர் 'டயர்' என்று மாற்றாமல் விட்டால் சந்தோஷம்.)

எங்கள் வீட்டில் இரண்டு வாகனங்கள். இவருடையது நான்கு சில்லுக்கும் விசை போகிற பெரிய வண்டி. அதில் ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வருவார். என்னுடையது 2010 ஆம் ஆண்டுக் கொறோலா, பழசாக வாங்கியது. நான் பகுதிநேர விரிவுரையாளர். கிழமையில் இரண்டு இரவு வகுப்பு, சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. 2019 நவம்பரில் ஒரு வண்டிக்கு மட்டும் ரயர் வாங்கக் காசு இருந்தது. இவர் தன்னுடையதற்கு விலை விசாரித்துவிட்டு வந்து சொன்னார்:

"உமக்கு என்னத்துக்கு? பக்கத்திலதானே ஓடுறீர். ஓல் சீசன் காணும்."

இதைச் சொன்னவர் கெட்ட மனிதர் அல்ல. என் காரின் கண்ணாடி கழுவும் திரவம் முடிகிறதா என்று பார்த்து நிரப்புகிறவர். அவருடைய கணக்கு கிலோமீற்றர்க் கணக்கு. ஒரு நாளைக்கு 90 கிலோமீற்றர் ஓடுகிற வண்டிக்கு முன்னால், கிழமை முழுக்க ஓடியும் 200 ஐத் தாண்டாத கார் எப்படி நிற்கும்?

அந்தக் கிழமை நான் ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொரு முறை காரை எடுக்கும்போதும் ஒரு கோடு. சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் விட, பெரியவளை இன்னொரு பள்ளிக்கூடத்தில் விட, மாமியைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக, கூட்டிவர, மரக்கறிக் கடை, மருந்துக் கடை, நீச்சல், வகுப்பு, வகுப்பு முடிந்து இரவு பத்தே காலுக்குத் திரும்பி வர. ஞாயிறு இரவு எண்ணினால் முப்பத்துநான்கு. இவருடையது பத்து. அவருடைய பத்துப் பயணத்திலும் வண்டிக்குள் அவர் மட்டும். என்னுடையதில் இருபத்தொன்றில் வேறு யாராவது இருந்தார்கள்.

இதில் தெருவின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பனி கொட்டினால் நகரம் முதலில் வாருவது நெடுஞ்சாலையையும் பெருந்தெருவையும். குடியிருப்புத் தெருக்களுக்குப் பனி வாரும் வண்டி கடைசியில்தான் வரும். இவர் ஐந்து நிமிடத்தில் உப்புப் போட்டுக் கறுத்த 401 இல் ஏறிவிடுவார். என் பயணங்கள் சின்னத் தெருவில் தொடங்கிச் சின்னத் தெருவிலேயே முடிகிறவை. பள்ளிக்கூட வாசலில் கார்கள் மிதித்து மிதித்துக் கண்ணாடியாக்கிவிட்ட பனியில்தான் நான் தினமும் பிறேக் பிடிக்கிறேன், அதுவும் முன்னால் பிள்ளைகள் குறுக்கே போகையில். 'பக்கம்' என்ற சொல்லுக்குள் இது எதுவும் தெரியாது.

சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்ற ஊரில் 2011 இல் நகராட்சி தன் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரிப் பயன்படுகிறதா என்று பார்த்தது. பனி வாருவதில் அப்படி என்ன இருக்கப்போகிறது என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். பார்த்தபோது, பெருந்தெரு முதலில், நடைபாதை கடைசியில் என்ற ஒழுங்கு, காரில் நேரே வேலைக்குப் போய் நேரே திரும்புகிறவருக்குத்தான் வசதியாக இருந்தது. அவர் பெரும்பாலும் ஆண். நடந்தும் பஸ்ஸிலும், பிள்ளையை விட்டு, முதியவரைப் பார்த்து, கடைக்குப் போய் என்று துண்டுதுண்டாகப் பயணிப்பவர் பெரும்பாலும் பெண். பனியில் காரை ஓட்டுவதைவிடக் குழந்தை வண்டியைத் தள்ளுவது கடினம் என்று யோசித்து ஒழுங்கைத் திருப்பிப்போட்டார்கள். கரோலைன் கிரியாடோ பெரஸ் 2019 இல் வெளிவந்த 'இன்விசிபிள் விமன்' நூலின் முதல் அத்தியாயத்தில் இதைத்தான் சொல்கிறார். நான் அதைப் படித்துவிட்டுத்தான் கோடு போட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் கோபத்தில் போட்டேன், பிறகு படித்தேன்.

தாளை இவர் இரண்டு தரம் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப முன்னுக்கு ரெண்டு போட்டாக் காணாதே?" என்றார்.

பாதி. நாம் கேட்கிற எதற்கும் முதலில் வருகிற பதில் பாதிதான். ஆனால் ரயரில் பாதி என்பது ஒன்றுமில்லாததைவிட ஆபத்து. கொறோலாவுக்கு முன்சில்லில்தான் விசை. அங்கே மட்டும் நல்ல ரயர் போட்டால் கார் நன்றாகக் கிளம்பும், முன்பக்கம் தரையைப் பிடிக்கும். வளைவிலோ பிறேக் பிடிக்கும்போதோ பின்பக்கம் பிடிமானமில்லாமல் பக்கவாட்டில் விலகி, கார் அப்படியே சுழன்றுவிடும். நான்கு சில்லிலும் ஒரே வகை என்பது கடைக்காரர் வியாபாரத்துக்குச் சொல்கிற கதை அல்ல. நான்கு சில்லுக்கும் விசை போகிற வண்டி பனியில் அசையாது என்ற நம்பிக்கையும் இப்படித்தான். அந்த விசை கிளம்ப உதவும். நிற்க உதவாது. நிற்பதற்கு இருப்பது ரயரின் அடியில் உள்ளங்கை அளவு இறப்பர் மட்டும்.

அந்த இறப்பர்தான் விஷயம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் இறப்பர் விறைக்கத் தொடங்கும். பனி இல்லாத காய்ந்த தெருவிலும் பிடிமானம் குறையும். வின்ரர் ரயரின் கலவை குளிரிலும் இளக்கமாக இருக்கும்; அதன் கட்டைகளில் பிளேட்டால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும், அவற்றின் விளிம்புகள்தான் பனியைப் பற்றுகின்றன. பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்று ஒரு சின்னம் இருந்தால், அது பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய ரயர். 'எம் + எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது வெட்டுகளின் வடிவத்தைப் பற்றிய அறிவிப்பே தவிரச் சோதனையின் சான்றிதழ் அல்ல. 'ஓல் சீசன்' என்ற பெயரை வைத்தவர் இந்த நாட்டு ஜனவரியைப் பார்த்தவராக இருக்க முடியாது.

கல்வெட்டு வாசிக்கப் பழகியவளுக்கு ரயரின் பக்கவாட்டு ஒன்றும் பெரிய வேலையில்லை. 195/65 R15 91T. அகலம் 195 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். றிம்மின் விட்டம் 15 அங்குலம். 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீற்றர் வரை. இதே அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கச் சட்டத்தில் ஸ்ரிக்கராக ஒட்டியிருக்கும். இவ்வளவுதான் இரகசியம். ஆண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருப்பதாக நான் இருபது வருடம் மரியாதையோடு விலகி நின்ற அறிவு, ஒரு கதவின் உட்புறத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டியிருந்தது.

பெயர்கள்தான் வேடிக்கை. உலகின் முதல் வின்ரர் ரயர் 1934 இல் பின்லாந்தில் வந்தது. அதே கம்பனி 1936 இல் காருக்குச் செய்ததன் பெயர் 'ஹக்கபெலிட்டா'. பதினேழாம் நூற்றாண்டில் போருக்குப் போன பின்லாந்துக் குதிரைப்படையினருக்கு வழங்கிய பெயர் அது. சின்னவளை நீச்சலுக்குக் கூட்டிப்போகக் குதிரைப்படை.

முதலில் போனது எங்கள் ஆட்களுடைய கடைக்கு.

"வாங்கோ தங்கச்சி. அண்ணை வரேல்லையோ?"

"அவர் வேலைக்கு. கார் என்ர."

"இல்லை, உதுகள் அவருக்கெண்டால் டக்கெண்டு விளங்கும். போன் எடுத்துத் தாங்கோவன், நான் கதைக்கிறன்."

அளவைச் சொன்னேன். நான்கு ரயரை உருட்டிக்கொண்டு வந்து அடுக்கினார். திகதி பார்க்க வேண்டும் என்றேன். "புது ரயர் தங்கச்சி, மயிர் கூடப் போகேல்ல பாருங்கோ" என்று இறப்பர் மயிரைத் தடவிக் காட்டினார். திகதி ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும். குனிந்து, புரட்டி, டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைத் தேடினேன். 2214. அதாவது 2014 ஆம் ஆண்டின் 22 ஆவது கிழமையில் செய்தது. ஐந்து வருடமும் மேலும் சில மாதமும் எங்கோ விற்காமல் கிடந்த ரயர், விலை மட்டும் அந்த வருடத்தியது. நான் இலக்கத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அண்ணையிடம் இதை அடுக்கியிருப்பாரா என்று யோசித்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுக்கியும் இருப்பார். அண்ணைமார் திகதி பார்ப்பதில்லை.

அடுத்த கடையில் ஒரு போர்த்துக்கீசக் கிழவர். கணவரைப் பற்றிக் கேட்கவில்லை. எந்தத் தெருவில் ஓடுவாய், எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். ஆணி வைத்த ரயர் வட ஒன்ராறியோவில் மட்டும்தான் அனுமதி, அதை மற. வருடம் முழுக்கப் போடக்கூடிய 'ஓல் வெதர்' உனக்கு வசதி, மலைச்சின்னமும் அதில் உண்டு. ஆனால் பள்ளிக்கூட வாசல் ஐஸ் என்கிறாய், இரவும் ஓடுகிறாய், சரியான வின்ரர் ரயரே போடு என்றார். நடுத்தர விலையில் ஒரு கொரிய ரயர் எடுத்தேன். ஒன்று 135 டொலர், நான்குக்கு 540. இரும்பு றிம் நான்கு 280. பூட்டிச் சமன்படுத்த 80. வரி 13 சதவீதம். மொத்தம் 1,017. தனி றிம் வீண்செலவு என்று தோன்றும்; ஆனால் அது இருந்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ரயரை றிம்மிலிருந்து கழற்றி மாட்டுகிற கூலி இல்லை, வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து மாற்றலாம். ஒரு தொகுதி ஓடும்போது மற்றது தேயாமல் கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆயிரம் அவ்வளவு பெரியதில்லை. என் விரிவுரைச் சம்பளத்தில் கொடுத்தேன். வீட்டில் 'கைச்செலவு' என்று பெயர் பெற்ற சம்பளம் அது.

ஒன்ராறியோவில் 2016 ஜனவரி 1 இலிருந்து வின்ரர் ரயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பனிகள் கழிவு கொடுத்தாக வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். போன் எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண் மிக மரியாதையாக, பொலிசிக்காரருடன் பேச முடியுமா என்றார். நான் நாளும் ஓட்டுகிற காரின் பொலிசியில் நான் இரண்டாவது ஓட்டுநர். கழிவில் கிடைத்தது சொற்பம். பொலிசியில் என் பெயரை முதலாவதாக மாற்ற அந்தப் போன் காரணமாயிற்று. இந்தக் கட்டுரையைப் படிக்கிற மாணவிகள், கார் வாங்கினால், முதல் நாளே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பழைய தொடர்மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பதினைந்து வருடமாக இரவு பத்தரைக்குப் போய்க் காலை ஏழரைக்குத் திரும்புகிறார். பனி வாரும் வண்டிக்கு முன்னாலேயே தெருவில் இறங்குகிறவர். அவருடைய பின்பெட்டியில் ஒரு சவள், ஒரு போர்வை, சில்லு புதைந்தால் கீழே கொட்ட ஒரு பை பூனை மணல் எப்போதும் இருக்கும். வின்ரர் ரயரும் போட்டிருந்தார். மகனுடைய காரும் அவருடையதும் ஒரே வகை என்பதால், மகன் மூன்று வின்ரர் ஓடிக் கழித்தது அவருக்கு வரும்.

"தேய்ஞ்சது எனக்குக் காணும் பிள்ளை. நான் மெள்ளத்தானே ஓடுறனான்."

ஆழம் அளக்கிற சின்னக் கருவி மூன்று டொலர்தான். பனிக்கு 4 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்று சொல்லி அதைக் கையில் கொடுத்தேன். வேலை முடித்து வந்த உடுப்போடு, தரிப்பிடத்தில் முழங்காலில் இருந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அளந்தார். மூன்று. அடுத்த சில்லிலும் மூன்று. பின்னால் இரண்டரை.

எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு, "இதின்ர சைஸ் எங்க இருக்கும் எண்டு சொன்னனீ?" என்று கேட்டார். கதவைத் திறந்து காட்டினேன். கைப்பையிலிருந்து வேலை அட்டவணையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து எழுதினார்.