மிச்சப் பத்து நிமிஷம்

பாளையங்கோட்டையில் அப்போதெல்லாம் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டால் நெட் சென்டர் வாசலில் செருப்பு குவியும். படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், அப்படியொரு கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் கையில் துண்டுச் சீட்டு இருக்கும்: ‘மழைநீர் சேகரிப்பு, 10 பக்கம், கலர் படம்.’ தேடுவது, எடுப்பது, ஒட்டுவது எல்லாம் கல்லாக்காரன் பொறுப்பு. பெயர் மட்டும் அவர்களுடைய புராஜெக்ட்.

நாங்கள் படிக்கும்போது அதற்கு ஆல்பம் என்று பெயர். ஸ்டேஷனரி கடையில் தலைவர்கள் படத்தாள் வாங்கி, வெட்டி ஒட்டுவோம். விஷயத்துக்கு நூலகம். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் வீட்டுக்குத் தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும். கை வலிக்குப் பயந்தே எதை விடலாம், எதை எடுக்கலாம் என்று பார்த்துப் பழகினோம். புத்தி ஒன்றும் கூடுதல் இல்லை.

நெட் வந்ததும் கை வலி போயிற்று. விக்கிபீடியா 2001இல் தொடங்கியிருந்தது. அதிலிருந்து அள்ளி வேர்டில் போட்டால், ஒவ்வொரு துணைத் தலைப்பின் பக்கத்திலும் ‘எடிட்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் அதையும் விடாமல் ஸ்கெட்ச் பேனாவால் அழகாக எழுதி அடிக்கோடு போடுவார்கள். வலைப்பக்கத்தை அப்படியே பிரின்ட் எடுத்தால் தாளின் அடியில் முகவரியும் தேதியும் விழும். அதை நறுக்குவதற்கென்றே கல்லாவில் ஒரு கத்தரிக்கோலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார் கடைக்கார அண்ணாச்சி.

தமிழ் மீடியம் பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். தமிழ் விக்கிபீடியா 2003இல்தான் பிறந்தது; கட்டுரைகள் சொற்பம். பத்திரிகைத் தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபான்ட். அது சிஸ்டத்தில் இல்லையென்றால் திரையில் தமிழுக்குப் பதில் என்னென்னவோ குறிகள் வந்து நிற்கும். அதனால் படம் எங்களிடம், விஷயம் பழையபடி நூலகத்தில்.

இதையெல்லாம் ஆராய்ச்சி என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் கடையில் குறைந்தது அரை மணிக்குக் காசு வாங்குவோம். சீட்டு வேலை இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். கொடுத்த காசை விட மனசு வராமல், மிச்ச நேரத்தில் தங்களுக்குத் தோன்றியதைத் தேடுவார்கள். சச்சின், டைனோசர், சொந்த ஊர்ப் பெயர். இப்போது அளவில்லாத நெட் கையிலேயே கிடக்கிறது. மிச்சம் என்று ஒன்று விழுவதில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு பள்ளி திறந்ததும், வந்த சீட்டெல்லாம் சுனாமிதான். ஒரு சிறுமி படங்களை எடுத்து முடித்துவிட்டு, “அண்ணே, திருச்செந்தூர்ல கடல் உள்ள போயிட்டாம்லா, அது எதுக்கு?” என்று கேட்டாள். இருவருமாகத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் தேடினோம். அலையின் முகட்டுக்கு முன்னால் பள்ளம் கரையைத் தொட்டால் தண்ணீர் பின்வாங்கும் என்று ஒரு படத்தோடு கிடைத்தது. பிரின்டுக்குக் காசில்லை. பழைய தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்துகொண்டாள். “இதை புராஜெக்ட்ல வைக்கப் போறியா?” என்றேன். “டீச்சர் இதைக் கேக்கலையே” என்றவள், அந்தத் தாளை மட்டும் தனியாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இலங்கை குறுக்கே இருப்பதால்தான் நம் பக்கம் அடி குறைவா என்று அடுத்ததைக் கேட்டாள்.