தண்ணி எதுமட்டும் வந்த?

16 ஜூன் 2025, திங்கள்

இடைவேளையில் தமிழ் ரீச்சர் ஒரு கட்டுக் கொப்பிகளை என் மேசையில் கொண்டுவந்து போட்டார். தரம் 10 பிள்ளைகளைத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னாராம். முப்பத்தொரு கொப்பியில் இருபத்தேழு, "இயற்கை எழில் கொஞ்சும் கிராமத்தில்" என்றுதான் தொடங்குகிறது. "கொஞ்சோ கொஞ்செண்டு கொஞ்சுது சேர்" என்றார். மிச்ச நாலு பேர் ஒன்றுமே எழுதவில்லை. எனக்கு அந்த நாலு பேரிலும் குறை சொல்ல மனம் வரவில்லை.

புவியியலும் இதே கதைதான். 1:50,000 இடவிளக்கப் படத்தைக் கொடுத்தால் குறியீடு எல்லாம் பிழையில்லாமல் சொல்வார்கள். "உன்ட வீடு உயரமா, இந்தப் பள்ளிக்கூடம் உயரமா?" என்று கேட்டேன். வகுப்பே கூரையைப் பார்த்தது.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்வோம் என்று முடிவாயிற்று. வெல்லாவெளியிலிருந்து மண்டூர்ப் பக்கம் வாவி வரைக்கும் ஒரு புடைப்பு மாதிரி. அதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைக் குத்த வேண்டும், குத்திய இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அதிபர் எட்டடிக்கு நாலடி பிளைவூட் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். பெயின்ற்றுக்கு இல்லை.

17 ஜூன், செவ்வாய்

வரைபடத்தைப் பத்து மடங்கு பெருப்பித்தோம். தாளில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர் என்றால் பலகையில் 20. எட்டடிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் பிடிக்கும். கட்டம் கீறுவது வரைக்கும் வகுப்பு கலகலப்பாகத்தான் இருந்தது. பிறகு சமவுயரக் கோடுகளை மாற்றப் போனோம். மாற்ற ஒன்றுமில்லை!

கோட்டுக்குக் கோடு 20 மீற்றர் இடைவெளி. எங்கள் நிலம் வாவியை நோக்கிச் சரிவது கண்ணுக்கே தெரியாது. மேற்கே பாறையும் காடும் தொடங்கும் பக்கத்தில் கொஞ்சம் கோடு ஓடுகிறது, மற்றதெல்லாம் வெறும் பச்சை. மட்டமான களப்பு, அதுதான் மட்டக்களப்பு என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஊரின் பெயரே எச்சரித்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

ஆசிரிய கலாசாலையில் பெஸ்ரலோசி பற்றிப் படித்தது ஞாபகம் வந்தது. சுவிற்சர்லாந்தில் இவர்டன் கோட்டையில் அவர் பள்ளிக்கூடம் நடத்திய காலத்தில் (1805–1825) பிள்ளைகளை பூரோன் என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்குக்கு நடத்திக் கொண்டுபோய்க் காட்டுவார்களாம். அங்கேயே களிமண் அள்ளிவந்து, நீண்ட மேசைகளில் அதே பள்ளத்தாக்கைப் பிடித்து வைப்பார்களாம். இது எங்களுக்குத் தெரிவது அங்கே படித்த வுல்லியமின் என்ற பையன் பின்னாளில் வரலாற்றாசிரியராகித் தன் நினைவுகளில் எழுதிவைத்ததால். ஆனால் அவர்களுக்குப் பிடித்து வைக்க ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. எனக்கு இருப்பது தோசைக்கல்.

18 ஜூன், புதன்

காலையில் குருமண்வெளித் துறையில் வாவி கடக்கும் மிதவைப் பாதைக்குக் காத்து நின்றேன். கச்சான் காற்று. வாவி வற்றிப் போய், துறையின் கட்டில் பழைய நீர்க்கோடு ஒன்று காய்ந்து தெரிந்தது. மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி மண்டூர்க் கரை சேர்கிறவரைக்கும் அந்தக் கோட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாம் பாடம் கிடைத்ததும் கேட்டேன். "போன நவம்பர் உங்கட வீட்ட தண்ணி எதுமட்டும் வந்த?"

வகுப்பு வெடித்தது. உயர்தரப் பரீட்சையையே நிறுத்திவைத்த வெள்ளம் அது, யாருக்கு மறக்கும்? ஒருத்தி எழும்பித் தன் முழங்காலில் கைவைத்தாள். ஒருவன் வாங்கின் மேல் ஏறி நின்று இடுப்பைக் காட்டினான். "பொய் சேர், இவன்ட வீட்ட அவ்வளவு வரல்ல" என்று பின்வாங்கிலிருந்து மறுப்பு. நேற்று இருபது மீற்றருக்குக் கீழே ஒரு உயரமும் இல்லை என்றிருந்த ஊரில் இன்று முழங்காலுக்கும் இடுப்புக்கும் சண்டை.

வீட்டுவேலை: வாசற்படியிலிருந்து தண்ணி நின்ற அடையாளம் வரைக்கும் சணல்நூல் பிடித்து, அந்த அளவுக்கு வெட்டிக் கொண்டுவர வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்துக்கும் ஒரு நூல், அம்மா அப்பாவிடம் கேட்டு. 1957ஐக் கண்ட கிழவர் யாரும் வீட்டில் இருந்தால் அதற்கும்.

19 ஜூன், வியாழன்

கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணி வரிசையாக அடித்து நூல்களைத் தொங்கவிட்டோம். ஒவ்வொன்றிலும் ஊர்த் துண்டு. வேத்துச்சேனை, பாலையடிவட்டை, மண்டூர், தும்பங்கேணி. தமிழ் ரீச்சர் அந்தத் துண்டுகளை வாசித்துக்கொண்டு நின்றவர் சட்டென்று திரும்பி, "வெளி, வட்டை, சேனை, கேணி, தீவு... இதென்ன சேர், படத்தின்ர குறியீட்டு அட்டவணையே ஊர்ப் பெயரிலதானே கிடக்கு" என்றார். வட்டை என்றால் வயற்பரப்பு, சேனை என்றால் காடு வெட்டிப் பயிரிட்ட நிலம், கேணி நீர்நிலை. பெயர் வைத்தவர்கள் நிலத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இருபது வருஷமாகப் புவியியல் படிப்பிக்கிற எனக்கு இதைத் தமிழ் ரீச்சர் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில்தான் வேலையே நிமிர்ந்தது. "சேர், வெள்ளம் எல்லா இடமும் ஒரே மட்டத்திலதானே நிக்கும்? அப்ப நூல் நீளமான வீடுதானே பள்ளத்தில இரிக்கி?"

அவ்வளவுதான். வெள்ளமே ஒரு பெரிய மட்டக்குழாய். நிலம் அளக்க எவரும் கருவி கொண்டுவரத் தேவையில்லை, தண்ணீர் வீடு வீடாக வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறது. (ஓடுகிற வெள்ளம் முற்றாக மட்டமாக நிற்காது, நவகிரி ஆற்றுப் பக்கம் கொஞ்சம் ஏறி நிற்கும் என்று சொல்லிவைத்தேன். படிகளின் உயரமும் வீட்டுக்கு வீடு வேறு. அதையும் அளந்து கழிக்கச் சொன்னேன். முனகினார்கள்.)

ஒரு மாலையர்கட்டுப் பையன் வெறுங்கையோடு வந்திருந்தான். ஏனென்று கேட்டேன்.

"எங்கட வீட்ட தண்ணி வரல்ல சேர். சனம்தான் வந்த."

அதை எழுது என்றேன். எழுதத் தெரியாது என்றான். இப்போது சொன்னதை அப்படியே முதல் வரியாக வை என்றேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறான். எட்டுக் குடும்பம், ஒரு கிணறு, ஒரு அடுப்பு, யாரோ கொண்டுவந்த ஆட்டுக்குட்டி இரவிரவாகக் கத்தியது, இரண்டாம் நாள் அவனுடைய அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு மாமிக்கும் சீனிப் போத்தலால் வந்த கோபம். எழில் ஒரு இடத்திலும் கொஞ்சவில்லை.

22 ஜூன், ஞாயிறு

மண்டூரில் ஒரு மாணவியின் பெத்தாவைப் பார்க்கப் போனேன். 1957 டிசம்பர் வெள்ளத்தில் தனக்குப் பத்து வயது என்றார். "வா மனே, இரி" என்று பாயைத் தட்டிப் போட்டார். தண்ணி எதுமட்டும் வந்தது என்று கேட்டதற்குச் சுவரையும் காட்டவில்லை, மரத்தையும் காட்டவில்லை. தன் நெஞ்சில் கைவைத்தார்.

"என்ட அப்பச்சிர நெஞ்சு மட்டும். நான் தோளில இருந்த. கால் ரெண்டும் தண்ணிக்குள்ள."

அன்று இருந்த மண்வீடு இல்லை, அப்பச்சியும் இல்லை. இந்த நூலை எப்படி வெட்டுவது? பேத்தி கெட்டிக்காரி. வீட்டில் நின்ற மாமாக்களை வரிசையாகக் கூப்பிட்டு, "பெத்தா, உங்கட அப்பச்சி இந்த உயரமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். ஒருவர் அதிகம், ஒருவர் குறைவு. மூன்றாமவரைக் கிழவி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எழும்பிப் போய் அவருடைய நெஞ்சில் கையை வைத்து, இரண்டு விரல் கீழே இறக்கினார். பேத்தி அங்கேயே நூலைப் பிடித்து வெட்டினாள். மாமா கூச்சத்தில் சிரிக்க முயன்று முடியாமல் நின்றார்.

திரும்பும்போது பண்டிதர் வி. சீ. கந்தையாவை நினைத்தேன். 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியவர் இதே மண்டூர்க்காரர்தான்.

24 ஜூன், செவ்வாய்

மேசன்மார் மட்டம் பார்க்கிற, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் குழாய் ஒன்று இரவல் கிடைத்தது, இருபது மீற்றர். பள்ளிக்கூடப் படியிலிருந்து வீதி மதகு வரைக்கும் அளந்தோம். குழாயில் தண்ணீர் நிறைத்து, இரண்டு நுனியையும் இரண்டு தடியில் அளவுகோலோடு கட்டிப் பிடிக்க வேண்டும். முதலில் இரண்டு தடியையும் பக்கத்தில் வைத்துத் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே எங்கோ காற்றுக்குமிழி. பொடியன்கள் குழாயைத் தோளில் போட்டுச் சுண்டிச் சுண்டிக் குமிழியை விரட்டினார்கள். பிறகு ஒருவன் இருபது மீற்றர் தள்ளிப் போவான், தண்ணீர் ஆடி அடங்கும், இரண்டு பேரும் தங்கள் எண்ணைக் கத்துவார்கள், ஒருத்தி வித்தியாசத்தை எழுதுவாள். பதினேழு தடவை. மதகு 71 சென்ரிமீற்றர் கீழே. நம்பாமல் திரும்பவும் அளந்தோம், 78.

"சேர், ஏழு சென்ரிமீற்றர் எங்க போன?"

அளவீட்டு வழு என்று பாடப்புத்தகச் சொல்லைச் சொன்னேன். பிறகுதான் தடி பிடித்த ஒரு பிள்ளை, பத்தாவது தடவை தடியை மணலில் குத்தியதாக ஒத்துக்கொண்டாள்.

25 ஜூன், புதன்

கணக்கு: பலகையின் அளவுத்திட்டத்தில் ஒரு மீற்றர் உயரம் 0.2 மில்லிமீற்றர்தான். பெயின்ற் நாலைந்து பூச்சு அடித்தாலே அவ்வளவு வந்துவிடும். ஆகவே நிலைக்குத்தை மட்டும் 1:100 ஆக்கினோம், ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர். ஐம்பது மடங்கு மிகைப்படுத்தல். மேற்கே உயர்ந்த பக்கம் இந்தக் கணக்கில் அளவு மீறி உயர்ந்துவிடும் என்பதால் அதை வெட்டிவிட்டோம். "அப்ப இது ஐம்பது மடங்கு பொய்யா சேர்?" என்றாள் ஒருத்தி. பக்கத்திலிருந்தவள், "பொய் சொன்னாத்தானே தெரியுது" என்றாள். தமிழ் ரீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதி, தன்வரலாற்றுக்கு இது பொருந்துமா என்று கேட்டு ஒரு பாடவேளை முழுக்க வாதாட வைத்தார். முடிவு எட்டவில்லை.

பழைய பத்திரிகையும் கோதுமை மாப் பசையுமாக நிலம் ஏற்றி முடித்தோம். கச்சான் காற்று நல்லாய்க் காயவைத்துத் தரும்.

26 ஜூன், வியாழன்

மாடு மண்டூரைத் தின்றுவிட்டது.

அரைச்சுவர் வகுப்பறை, கேற் திறந்து கிடந்திருக்கிறது. கோதுமை மா வாசத்துக்கு வந்த மாடு மண்டூரையும் வாவிக்கரையில் அரைவாசியையும் நக்கி எடுத்துவிட்டு, வெல்லாவெளிச் சந்தியில் சாணியும் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. யாருடைய மாடு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. மாட்டுக்காரன் மகன்தான் முதல் ஆளாகப் பசை காய்ச்சப் போனான். இந்த முறை பசையில் வேப்பெண்ணெய்.

30 ஜூன், திங்கள்

நூல் ஒட்டுகிற நாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஈர்க்கில் குத்தி, வெள்ளம் நின்ற உயரத்தில் கம்பளி நூல் கட்டி, ஈர்க்கிலிருந்து ஈர்க்கிலுக்கு இழுத்தார்கள். 2024க்கு நீலம், 2011க்குச் சிவப்பு, 1957க்குக் கறுப்பு. கறுப்பு ஐந்தே வீட்டில்தான். நெஞ்சளவு நூல் மற்ற நாலுக்கும் மேலே தனியே நிற்கிறது. அங்கே தண்ணீர்தான் உண்மையில் ஏறி நின்றதா, ஆண்டுக்கணக்கில் பெத்தாவின் கை சற்றே ஏறிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. இறக்கச் சொல்ல மனமில்லை.

தமிழ் ரீச்சர் 'என் சரித்திரம்' கொண்டுவந்திருந்தார். உ.வே.சாமிநாதையர் எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது. அவ்வளவு பெரிய மனிதர் முதல் அத்தியாயத்துக்கு வைத்த தலைப்பு 'எங்கள் ஊர்'. தான் பிறந்தது பிறகுதான் வருகிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல், தாங்களும் அப்படித்தானே தொடங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் எழுதியதில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளம் பற்றியது இல்லை. 2007 மார்ச்சில், போருக்குள், வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் எறிகணைக்குப் பயந்து கிழக்கே எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தபோது, எழுதிய பிள்ளையின் அம்மா பட்டி மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தாராம். ஒரு கிடாரி மட்டும் துறை வரைக்கும் பின்னால் வந்ததாம். எழுதியவள் அப்போது பிறக்கவில்லை. இதற்கு என்ன நிறம் என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கடைசியில் அவளே ஈர்க்கிலை வெறுமனே குத்திவிட்டுப் போனாள்.

3 ஜூலை, வியாழன்

நாளை பெற்றோர் வந்து பார்க்கிறார்கள். பின்னேரம் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது அந்த மண்டூர்ப் பிள்ளை கேட்டாள். "சேர், உங்கட வீடு எங்க?"

கல்லாறு, பலகைக்கு வெளியே என்றேன். பலகை வாவி நடுவில் முடிகிறது. நல்ல சாட்டு, இவ்வளவு நாளும் அதற்குப் பின்னால்தான் நின்றிருக்கிறேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், பிஸ்கட் பெட்டியின் மூடி ஒன்று பலகையின் விளிம்பில் சணலால் தைக்கப்பட்டிருக்கிறது. வாவியின் மிச்சம் நீலச் சோக்கில், அதற்கப்பால் ஒரு விரல் அகலத்துக்கு மணல், அதற்கப்பால் கடல். ஈர்க்கில் குத்தியாயிற்று.

"எதுமட்டும் வந்த சேர்?"

எந்தத் தண்ணி என்று அவள் கேட்கவில்லை. கல்லாறு என்றால் இங்கே யாருக்கும் தெரியும். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இரவு மணி பத்தரை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு முன்சுவரில் ஒரு கபிலக் கோடு இருந்தது. அடுத்த தைப்பொங்கலுக்கு முன்னமே அம்மா அதற்குச் சுண்ணாம்பு அடித்தார், பிறகு இரண்டு முறை பெயின்ற். கோட்டைக் காணவில்லை. கதவுப் பூட்டுக்கு நாலு விரல் மேலே என்று நினைக்கிறேன். சணல்நூல் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா சத்தம் கேட்டு எழும்பி வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. என் கையிலிருந்த நூலின் மேல் நுனியைப் பிடித்து ஒரு சாண் உயர்த்தினார்.