பழி யார்மேல்?

பிறர்மேற் பழி போடுதல் மனிதர்க்கு எளிது. வாய் பேசாத கிணற்றின்மேற் போடுதலோ அதனினும் எளிது. அவ்வாறு பழி போட்ட ஒருவரின் கதை இது. அவர் வேறு யாருமல்லர், நாமே.

யாழ்ப்பாணத்துக் கேத்தில்களின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படிவது யாதென எவரும் அறிவர். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதனூடு ஊறும் நீரிற் கல்சியம் கரைந்து வருகின்றது. ஒரு சித்திரை மாத நள்ளிரவில் எமது வலது விலாவின் கீழே தொடங்கித் தொடையிடுக்குவரை இறங்கிய நோவு, இருக்கவும் படுக்கவும் விடாமல் எம்மைப் புரட்டியபொழுது, வாந்தியினிடையேயும் நாம் ஏசியது எமது கிணற்றைத்தான்.

"விடியட்டும், பார்ப்போம்" என்றோம். இல்லாள் இசையவில்லை. "இஞ்சருங்கோ, விடியுமட்டும் இருக்க ஏலாது, வெளிக்கிடுங்கோ" என்று வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்றார். ஸ்கான் செய்தபொழுது சிறுநீர்க்குழாயில் 4 மில்லிமீற்றர் கல்லொன்று தென்பட்டது.

"5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்களிற் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும்" என்றார் வைத்தியர். நோவுக்கு மருந்து தந்து, சிறுநீரைத் துணியில் வடித்துக் கல்லைப் பிடிக்கச் சொன்னார். காய்ச்சலோ குளிரோ கண்டால், அல்லது நீர் பிரியாது நின்றால், ஒரு கணமும் தாமதியாது வரவேண்டும் என்றும் எச்சரித்தார். அடைபட்ட நீரிற் கிருமி பெருகினால் உயிருக்கே ஆபத்தாம்.

"எல்லாம் கிணற்றுச் சுண்ணாம்பால் வந்த வினை. இனிமேல் பாலையும் நிறுத்திவிடுகிறேன்" என்றோம்.

"மாஸ்டர், அந்தத் தண்ணீரை ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள்?"

கணக்குப் பார்த்தோம். காலையில் ஒரு தேநீர், மதியம் சோற்றுடன் ஒரு கிளாஸ் தண்ணீர், மாலையில் மீண்டும் தேநீர். பாடசாலையில் ஒரு மிடறும் இல்லை. மலசலகூடம் தூரத்தில், அதுவும் துப்புரவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தாகத்தை அடக்கியே கற்பித்திருக்கின்றோம். நாம் தலைகுனிந்தோம்.

கடினநீர்தான் இக்கல்லுக்குக் காரணமென ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தவில்லை. நீர் குறைந்தால் சிறுநீர் தடிப்பாகும். அதிலுள்ள கல்சியமும் ஒட்சலேற்றும் பளிங்காய்த் திரளும். உணவிலுள்ள கல்சியமோ ஒட்சலேற்றைக் குடலிலேயே பற்றிக்கொள்ளும். ஆகவே பாலையும் தயிரையும் விலக்குதல் தவறு. குறைக்கவேண்டியது உப்பு: கருவாடு, ஊறுகாய், மிக்சர். பசளிக்கீரையும் கச்சானும் அளவோடு போதும். சீனியும் உப்பும் சேர்க்காத தேசிக்காய்த் தண்ணீர் நன்று. அதிலுள்ள சித்திரேற்று பளிங்கு திரள்வதைத் தடுக்க உதவும். நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் பிரியுமளவுக்கு நீர் அருந்தவேண்டும். வெயிற் காலத்தில் இன்னும் கூடுதலாக. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே அளவை வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

ஒன்பதாம் நாள் கல் துணியில் விழுந்தது. பரிசோதனையில் அது கல்சியம் ஒட்சலேற்று எனத் தெரிந்தது. ஒருமுறை கல் வந்தவர்களிற் பாதிப்பேர்வரை பத்தாண்டுகளுள் மீண்டும் அவதியுறுவர் என்று அறிந்தபின், எமது மேசையில் நீர்ப்போத்தல் ஏறியது.

அதனை வைத்த பின்னரே வகுப்பையும் கவனித்தோம். பிள்ளைகளின் போத்தல்கள், சிறப்பாகப் பெண்பிள்ளைகளின் போத்தல்கள், நிரம்பியபடியே வீடு திரும்பின. காரணம் கேட்டோம். எமது காரணமேதான்! மறுநாளே அதிபரிடம் சென்று மலசலகூடத்தைப் பற்றிப் பேசினோம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே பேசியிருக்கவேண்டிய பேச்சு.

இதனை வாசிக்கும் பெற்றோர்களே, பிள்ளை பாடசாலை விட்டு வந்ததும் அதன் போத்தலைத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால், காரணத்தைக் கேளுங்கள்.