ஏப்ரல் மாதத்துப் பந்துவீச்சு

பேஸ்பாலில் பந்தெறிபவரை அளக்கும் ஈ.ஆர்.ஏ., அதாவது தடுப்பாளர் பிழையால் வந்தவற்றை நீக்கி ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் சராசரி, பருவத் தொடக்கத்தில் ஒரே ஒரு மோசமான ஆட்டத்தாலேயே எகிறிவிடும்.

2007இல் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருது பெற்ற சி.சி. சபாத்தியா, 2008இல் கிளீவ்லேண்ட் அணிக்காக ஆடிய முதல் நான்கு ஆட்டங்களில் 13.50 என்று தடுமாறினாலும், பின்னர் மில்வாக்கிக்கு மாறி, பருவத்தை 2.70இல் முடித்தார்.

அதே கிளீவ்லேண்டின் கிளிஃப் லீயோ, முந்தைய ஆண்டு 6.29 சராசரியோடு மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டவராயினும், பருவத்தை ஏப்ரலில் 0.96 சராசரியோடு தொடங்கி, 22 வெற்றி, 3 தோல்வியோடு அவ்விருதையே வென்றார்.

நான்கு தவறான பந்துகளால் மட்டையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் ‘வாக்’ லீயிடம் மிக அரிதாக இருந்ததால், அவரது ஏப்ரலை நம்ப உண்மையிலேயே இடமிருந்தது. ஆனால் அதே வாக்கைத் தாராளமாக வழங்கிய சபாத்தியாவை, பழைய சாதனையைத் தவிர வேறு எதைக் கொண்டு நம்பியிருக்க முடியும்?