பாசம் என்னுஞ் சொல்

ஒரு பொருளுக்கு இயற்பெயராய் அமைந்த சொல், அதனோடு இயைபுடைய பிறிதொரு பொருளுக்கு ஆகி வழங்குதலைத் தமிழ் இலக்கண நூலார் பண்டே கண்டுணர்ந்தனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் இதனை ஆகுபெயர் என்பர். கார் என்பது கருநிறத்தின் பெயர். அஃது அந்நிறமுடைய முகிலுக்கு ஆகி, முகில் பொழியும் பருவத்துக்கு ஆகி, அப்பருவத்து விளையும் நெல்லுக்கும் ஆயிற்று. ‘கார் அறுத்தேன்’ எனக் கூறும் உழவன் கருநிறத்தை நினைப்பதில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய். மண்ணெண்ணெய் என்னுமிடத்து எள்ளை நினைப்பாரும் இலர்.

இங்ஙனம் முதற்பொருளை மறத்தலால் உலக வழக்கிற் பெரும்பாலும் கேடில்லை. ஆயின் சமய நூற்சொற்கள் சிலவற்றில் அம்மறதி கொள்கையையே பிறழ உணரச் செய்யும். பாசம் என்னுஞ் சொல்லே அதற்குச் சான்றாம்.

வடமொழியிற் பாசம் என்பது கயிறு. பசு என்பது கால்நடை. கயிற்றாற் கட்டுண்டு நிற்கும் ஆவின் நிலையை உவமையாகக் கொண்டு, உயிரைப் பசு என்றும், அதனைப் பிணித்த ஆணவம் கன்மம் மாயைகளைப் பாசம் என்றும், தலைவனாகிய இறைவனைப் பதி என்றும் ஆன்றோர் வழங்கினர். அக்கயிறே பிறிதோர் உவமையால், சுற்றத்தாரை ஒருவரோடொருவர் பிணிக்கும் அன்பிற்கும் பெயராயிற்று. இக்கால வழக்கிற் பின்னதே பெருகி நிற்கின்றது.

13-ஆம் நூற்றாண்டினராகிய மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து 9-ஆம் சூத்திரத்திற் பாசம் நீங்குதலைக் கூறுகின்றார். அதனைக் கேட்கும் இளைஞன் ஒருவன், ஈன்றாள்மாட்டு வைத்த அன்பினைத் துறக்குமாறு சமயம் பணிக்கின்றதோ என மயங்குதல் கூடும். நோயுற்ற தாயை இரவும் பகலும் பேணும் மகள், தன் தொண்டே தன் வீடுபேற்றிற்குத் தடையாமோ என அஞ்சுதலும் கூடும். இம்மயக்கம் சொல்லான் வந்தது, பொருளான் வந்ததன்று.

நீங்கற்பாலது கட்டு, அன்பன்று. யான் எனது என்னுஞ் செருக்கே உயிரை இறுக்குங் கயிறாம். அன்போ அச்செருக்கை நெகிழ்ப்பது. கண்ணப்ப நாயனாரைச் சைவர் போற்றுவது அவர்தம் அன்பு பற்றியே என்பதை யாவரும் அறிவர். தாயைப் பேணும் அம்மகளின் தொண்டு அவளைக் கட்டுவதன்று. தன்னலத்தினின்றும் அவளை அவிழ்ப்பதேயாம்.

ஆதலின், சித்தாந்த நூல் பயிற்றுவோர் பாசம் என்னுஞ் சொல் வந்துழியெல்லாம் அதன் இக்காலப் பொருளை முதற்கண் விலக்கிக் கயிற்றைக் காட்டுவாராக. கயிற்றைக் கண்டவர்க்கு அவிழ்க்க வேண்டுவது இஃதென்பதும், அவிழ்க்க வேண்டாதது இஃதென்பதும் தாமே விளங்கும்.