பூ திரும்பி வருகிற மலை

எங்கள் ஊரில் மலை என்றால் ஒன்றுதான். "பின்னேரம் மலைக்குப் போவமே?" என்று யாராவது கேட்டால் எந்த மலை என்று திருப்பிக் கேட்க ஆளில்லை. கோணேசர் மலை, சுவாமி மலை, கோட்டைக்குள்ளால் ஏறிப்போய்க் கடலில் முடிகிற அந்த மலை. கேள்வி காதில் விழுந்ததும் மூக்கு முந்திக்கொள்ளும். வறுத்த கச்சான், மான்புழுக்கை, வெயிலில் காய்ந்த புல், உப்புக் காற்றில் கரைந்து வரும் கற்பூரம். உனக்கும் இப்போது அடித்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் வெறுங்காலோடு எங்களுக்குப் பின்னால் ஓடி வந்த ஆள்தானே நீயும்.

அப்புவை மறந்திருக்க மாட்டாய். சொந்தத்தில் யாருக்கும் அவர் அப்பு இல்லை. எங்கள் எல்லாருக்கும் அப்பு. முழங்காலுக்குக் கீழே இறங்காத நாலு முழ வேட்டி, தோளில் சால்வைத் துண்டு, மடியில் பொயிலை, கையில் பூவரசந் தடி. யாழ்ப்பாணத்து பஸ்ஸிலும் கொழும்பு ரயிலிலும் வந்து மடத்தில் தங்குகிற யாத்திரைக்காரரை மலைக்குக் கூட்டிப்போவது அவர் தொழில். தொழில் என்று சொல்லிவிட்டால் கோபம் வரும். "கூலிக்கோ நான் சாமி காட்டுறன்?" என்பார். கொடுக்கிற வெத்திலைக் காசை எண்ணிப் பார்க்காமல் மடிக்குள் செருகுவார். வீட்டுக்குப் போய் இரண்டு தரம் எண்ணுவார் என்பது அவர் மனுசி சொன்ன கதை. குடை பிடிக்க, அருச்சனைத் தட்டம் தூக்க, கிழவிகளுக்குக் கை கொடுக்க அவருக்கு நாலைந்து பெடியள் தேவை. அந்த நாலைந்தில் நாங்கள்.

நாலு மணிக்கு முன்னம் புறப்பட விடமாட்டார். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும். தார் றோட்டு காலைப் பொசுக்கும். அந்த மாதங்களில்தான் காட்டுக்கரையிலிருந்து பாலைப்பழம் வரும். சாக்கு விரித்து, மஞ்சள் மஞ்சளாகக் குவித்து, பேணியால் அளந்து சரையில் போட்டுத் தருவார்கள். தின்றால் உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும். "சாமியிட்டைப் போகேக்கை உங்கடை வாய் ஒட்டிக் கிடக்கிறதுதான் நல்லது" என்று அப்பு சிரிப்பார். அவருக்கும் ஒரு சரை வேண்டும், அதைக் கேட்க மாட்டார்; நாங்கள் நீட்டினால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்.

கோட்டை வாசலில் எல்லாரையும் நிற்பாட்டுவார். வாசல் நிலைக்கல்லில் பழைய தமிழ் எழுத்தும் ஒரு சோடி மீனும் வெட்டிக் கிடக்கும். "பாண்டியன்ரை மீன். தொட்டுக் கும்பிடுங்கோ. இது கோயில் கல்லு. கோயிலை உடைச்சுத்தான் பறங்கி கோட்டை கட்டினவன். அப்ப நாங்கள் இப்பவே கோயிலுக்கைதானே நிக்கிறம்? செருப்பைக் கழட்டுங்கோ." கொழும்பிலிருந்து சப்பாத்துப் போட்டு வந்த கந்தோர்க்காரர்கள் மலையைப் பார்ப்பார்கள், றோட்டைப் பார்ப்பார்கள், பிறகு அப்புவின் தடியைப் பார்ப்பார்கள். கழற்றிவிடுவார்கள்.

அவர் சொன்னது சரிதான். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சா கோயிலை இடித்த கல்லைக் கொண்டுதான் 1624 அளவில் இங்கே கோட்டை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் இங்கிலீசுக்காரர் பிடித்தது, 1803இல் தங்கள் அரசகுமாரன் பிரெடரிக்கின் பேரைக் கோட்டைக்கு வைத்தது எல்லாம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவை. அப்புவுக்கு எல்லாரும் பறங்கிகள். சோதனையில் அப்படி எழுதி ஒருவன் வாத்தியாரிடம் அடி வாங்கினானே, ஞாபகம் இருக்கிறதா?

வாசல் தாண்டினால் நிழல். பெரிய மரங்கள், அவற்றுக்குக் கீழே புள்ளிமான்கள். புல் இருக்கப் புல்லை விட்டு எங்கள் கையிலிருக்கும் கச்சான் சரையின் கடதாசியைத் தின்னுகிற மான்கள் அவை. மான் குறுக்கே வந்தால் அப்பு தடியை ஊன்றி நிற்பார். அது போனபிறகுதான் நடை. அந்த நிற்றலில் ஒரு கதை சொல்லியாகிவிடும்.

அவர் சின்னப் பெடியனாக இருந்த காலத்தில் மலையில் கோயில் கட்டடமே இல்லை. வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற நேரம் ஐயர் பாறை விளிம்புக்குப் போவார். கற்பூரம் கொளுத்தி, பூவும் தேங்காயும் பழமும் கடலுக்குள்ளே போட்டுக் கும்பிட்டுவிட்டு வருவார். அப்புவின் தகப்பன் தட்டம் தூக்கினவர். மூலத்தானம் கடல்தான். 1942 சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டது ஒரு வியாழக்கிழமை. "அடுத்த நாள் வெள்ளி. ஊரே ஓடிப்போச்சு. ஒரு பூப் போட ஆளில்லை" என்று சொல்லும்போது, செத்த சனத்தைப் பற்றிச் சொல்வதைவிட அதற்குத்தான் அவர் குரல் இறங்கும்.

பிறகு 1950இல் நகரசபையார் கிணறு வெட்ட, மண்ணுக்குள்ளேயிருந்து ஐம்பொன் விக்கிரகங்கள் வந்தன. முன்னூறு வருசத்துக்கு மேலே ஊர் ஒளித்து வைத்திருந்த சாமிகள். பார்க்க ஓடினவர்களில் அப்புவும் ஒருத்தர். 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் பாறைக்குக் கீழே மூழ்கி, கடலடியில் கிடந்த பழங்கோயில் தூண்களைப் பார்த்தார்கள். வில்சன் கண்டெடுத்த லிங்கமும் மேலே வந்து கோயிலுக்குள் இருக்கிறது. 1963இல் கும்பாபிசேகம். அப்பு ஒருநாளும் ஆண்டு சொல்ல மாட்டார். "எங்கடை கும்பாபிசேகம்" என்பார், வீட்டுக் கலியாணம் மாதிரி.

விளிம்புக்கு வருவோம். மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொன்னாலும் இதை மெல்லச் சொல்ல வேண்டும்.

இராவணன் வெட்டு என்கிற அந்தப் பிளவுக்குள்ளே அலை நுழைந்து அமுக்கிக்கொண்டு திரும்புகிற சத்தம் பார்க்க முன்னமே கேட்கும். காதால் என்றில்லை, உள்ளங்காலால். தாய்க்காக இராவணன் மலையைப் பெயர்க்க வாளால் வெட்டினான், தாய் செத்ததும் அந்தியேட்டிக்குக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு உண்டானது என்று அப்பு ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். முடித்துவிட்டு, "குனிஞ்சு பாக்கப்படாது. படுத்துப் பாருங்கோ" என்பார். யாழ்ப்பாணத்து ஆச்சிமாரும் கந்தோர்க்காரரும் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். பாறையின் பகல்சூடு வயிற்றில் ஏறும். தலை மட்டும் வெளியே. கீழே, வெகு கீழே, கடல் நீலம் கறுத்துக் கிடக்கும். நாங்கள் பெடியள் அவர்களின் கணுக்காலைப் பிடித்திருப்போம். ஊர் பேர் தெரியாத எத்தனை கணுக்கால்களைப் பிடித்திருப்போம் நீயும் நானும்!

அப்படியே படுத்தபடி பூவைப் போட வேண்டும். வாடைக்காற்றுக் காலமென்றால் கடலிலிருந்து வருகிற காற்று பாறைச் சுவரில் முட்டி மேலே எழும்பும். போட்ட பூ கொஞ்சத் தூரம் இறங்கி, யோசித்து, திரும்பி வந்து முகத்தில் விழும். ஆச்சிமார் அழுதுவிடுவார்கள். சோளகக் காலத்தில் காற்று கரையிலிருந்து போகும். பூ போனது போனதுதான். "ரெண்டும் அவர் எடுத்த மாதிரித்தான்" என்று அப்பு சமாளிப்பார். அதற்குப் பிறகு சம்பந்தர் பதிகம். சம்பந்தர் இங்கே வராமலே, கடலுக்கு அந்தக் கரையில் நின்று கோணமாமலையைப் பாடினார் என்பார்கள். அப்பு பாடும்போது நடுவில் அடி மறந்தால் காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று பழி போடுவார்.

ஒல்லாந்துப் பெண்ணின் தூணைக் காட்டச் சொல்லி இளம் சோடிகள் கேட்பார்கள். பிரான்சினா வான் ரீட், 1687 என்று பொறித்த தூண். காதலன் கப்பலேறிப் போக, இவள் பாறையிலிருந்து குதித்தாள் என்பது கதை. அப்புவுக்கு அதில் நம்பிக்கையில்லை. "அவள் பிறகு கலியாணம் கட்டிச் சந்தோசமா இருந்தவள் எண்டு ஒரு வாத்தியார் சொன்னவர். தூணும் எங்கடை கோயில் தூண்." சோடிகளின் முகம் விழுந்துவிடும். அன்றைக்கு வெத்திலைக் காசும் குறையும்.

போன ஆடியில் நானும் அந்தச் சோடிகளைப் போலக் காசு கொடுத்து மலை பார்க்கப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களோடு ஒரு வானில். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெடியன் ஒருத்தன் வழிகாட்டி. மூன்று பாசையும் தண்ணீர் பட்டபாடு. வான் கோட்டை வாசலில் மெதுவாகிற்று, நிற்கவில்லை. நிலைக்கல் யன்னலுக்கு வெளியே போனது. மேலே வரிசையாகக் கடைகள், வாசலில் பெரிய சிவன் சிலை, விளிம்பில் வேலி. பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டுகிற தொட்டில்கள் மட்டும் முந்தியைப் போலவே ஆடிக்கொண்டிருந்தன.

பெடியனைக் குறை சொல்ல மாட்டேன். அப்புவுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது. "அந்தா, மூச்சு விடுது" என்று அப்பு தடியால் காட்டுகிற திமிங்கிலங்கள் ஏன் இவ்வளவு கரைக்குக் கிட்ட வருகின்றன என்று அவன் சொன்னான்: துறைமுக வாய்க்குக் கிட்டவே கடலடியில் ஆழப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. பிரான்சினாவைக் குதிக்க வைத்தான். படம் எடுக்கப் பத்து நிமிசம் தந்தான். "முந்தி இதிலை படுத்துத்தான் பாக்கிறது" என்றேன். "இப்ப ஏலாது அங்கிள், வேலி போட்டாச்சு" என்றான். வேலி நல்லதுதான். கணுக்கால் பிடிக்க இப்போது ஆள் எங்கே? ஒருத்தன் ஸ்காபரோவில், இரண்டு பேர் லண்டனில். தட்டம் தூக்கினவன் எண்பத்துமூன்றில் காம்பில் இருந்தான் என்று யாரோ கண்டதாகச் சொன்னார்கள்; அதற்குப் பிறகு கண்டதாகச் சொன்னவர் ஒருவருமில்லை. அப்பு சண்டைக்கு முன்னமே போய்விட்டார். வாசலில் அடையாள அட்டை கேட்ட காலத்தில் அவர் இருந்திருந்தால் என்ன காட்டியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். பூவரசந் தடியைத்தான்.

பூக் காற்றைப் பற்றி அந்தப் பெடியனுக்குச் சொன்னேன். மார்கழியில் வந்து வேலிக்கு மேலால் ஒரு பூப் போட்டுப் பார் என்றேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

நீ ஊருக்கு வந்தால் வான் பிடியாதே. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோட்டை வாசலுக்கு நடந்து வா. செருப்பை வெளியிலேயே கழற்றி ஒரு கச்சான்காரியிடம் விட்டுவிடு, பத்திரமாக வைத்திருப்பாள். ஒரு சரை கச்சானும் வாங்கு. கடதாசியை எறிந்துவிடாதே, மானுக்கும் கொடாதே. பொலித்தீனும் கடதாசியும் தின்று அவை வயிறு ஊதிச் சாகின்றன.