பதினெட்டுக் குழிகளும் ஆறு இரவுகளும்

ரோமில் கோல்ஃப் ஆடப் போகும் ஒருவருக்கும் ரோமைப் பார்க்கப் போகும் ஒருவருக்கும் ஒரே திட்டம் போட முடியுமா?

அத்தான் அனுப்பிய தாளில் நான்கே வரிகள். நான்கும் கோல்ஃப் மைதானங்களின் பெயர்கள். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒன்று. தலைப்பில் 'ரோம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். முப்பது வருடம் ராணுவத்தில் இருந்தவர். கடிதம் எழுதினாலும் உத்தரவு போலத்தான் இருக்கும்.

நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. டெல்லி கோல்ஃப் கிளப்பின் பச்சைப் புல்லுக்கு நடுவே லால் பங்களா என்ற மொகலாயர் காலக் கல்லறைகள் நிற்பது தெரியும். அத்துடன் என் கோல்ஃப் ஞானம் முடிந்தது. மொழிபெயர்ப்பு வேலையாக ஒரு முறை ரோமுக்குப் போய் வந்திருக்கிறேன் என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அத்தான் இந்த ஆட்டத்தைக் கற்றது நீலகிரியில், வெலிங்டன் ஜிம்கானா மைதானத்தில். அதன் பிறகு எந்த ஊருக்கு மாற்றலானாலும் அவர் முதலில் விசாரித்தது வீட்டை அல்ல, மைதானத்தை. அவர் கடைசிக் குழியில் பந்தைப் போட்டுவிட்டு வரும் வரை, அந்தந்த ஊர் கிளப் வராந்தாவில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் அக்கா. இருவரும் சேர்ந்து வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. அத்தானின் முழங்கால் இருக்கும் நிலையில், இரண்டாவது தடவை சந்தேகம்தான்.

அன்றிரவே அக்கா தொலைபேசியில் வந்தார். "ரோம்லயும் வராந்தா உண்டாடா? உண்டுன்னா இப்பவே சொல்லிடு. நான் இங்கேயே இருந்துக்கறேன். டிக்கெட் காசாவது மிச்சம்." குரலில் கோபமே இல்லை. அதுதான் உறுத்தியது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டுக் குழிகள் ஆடி முடிக்க சுமார் நாலரை மணி நேரம். போக, வர, குளிக்க, சாப்பிட என்று சேர்த்தால் பகல் போய்விடும். நான்கு ஆட்டம் என்றால் நான்கு பகல். ஆறு இரவுப் பயணத்தில் அது போனால் மிச்சம் ஒரு பகல்தான். கொலோசியத்துக்கும் வாடிகனுக்கும் சேர்த்து ஒரே பகல் என்பது அநியாயம்.

அத்தானின் பட்டியலில் குறை சொல்ல எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். ஓல்ஜியாட்டா 1961ல் திறக்கப்பட்டது. 1968லும் 1984லும் உலகக் கோப்பைப் போட்டிகள் நடந்த இடம். காஸ்டல்காண்டோல்ஃபோ மைதானம் அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் அமைந்தது. மார்கோ சிமோனேயில்தான் 2023ல் ரைடர் கோப்பை நடந்தது. இத்தாலியில் முதல் முறை. ஐரோப்பிய அணி அமெரிக்காவை பதினாறரைக்குப் பதினொன்றரை என்ற கணக்கில் வென்றது. நான்காவது அக்வாசாந்தா. 1903ல் தொடங்கிய இதுதான் இத்தாலியின் மிகப் பழைய கோல்ஃப் கிளப். பெயருக்கு 'புனித நீர்' என்று பொருள்.

இந்த நான்கில் எந்த இரண்டை அடிப்பது? மைதானத்தின் தரத்தை வைத்து முடிவு செய்ய எனக்குத் தகுதி கிடையாது. அதனால் வேறு ஒரு கேள்வியைக் கேட்டேன். அத்தான் ஆடும் அந்த நாலரை மணி நேரத்தில், அக்கா அதே திசையில் என்ன பார்க்க முடியும்?

அக்வாசாந்தாவுக்கு விடை உடனே கிடைத்தது. நகரின் தென்கிழக்கே, புதிய ஆப்பியா சாலையின் ஓரத்தில் இருக்கிறது மைதானம். பக்கத்திலேயே பழைய ஆப்பியா சாலை. கி.மு. 312ல் ஆப்பியஸ் கிளாடியஸ் போடத் தொடங்கிய ராஜபாட்டை இது. 2024ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ரோமில் வேலை முடிந்த ஒரு பிற்பகலில் நான் அதில் நடந்திருக்கிறேன். கருங்கற்கள் இன்னமும் கிடக்கின்றன. குடை விரித்தது போன்ற பைன் மரங்கள் இரு புறமும் நிற்கின்றன. தூரத்தில் கிளாடியஸ் மன்னர் பெயரால் வழங்கும் கால்வாயின் வளைவுகள். கி.பி. 38ல் தொடங்கி 52ல் முடித்த கால்வாய். மலைப்பக்க ஊற்றுகளிலிருந்து சுமார் 69 கிலோமீட்டர் தூரம் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தது.

அந்தச் சாலையில்தான் செசிலியா மெடெல்லாவின் கல்லறை இருக்கிறது. பீப்பாயைக் கவிழ்த்தது போல வட்டமான, கோட்டை மாதிரியான கட்டடம். கட்டி இரண்டாயிரம் வருடமாகிறது. முகப்பில் பதித்த சலவைக் கல்லை இன்றும் படிக்கலாம். குவிண்டஸ் கிரெடிகஸின் மகள், கிராசஸின் மனைவி செசிலியா மெடெல்லா. அவ்வளவுதான். இவ்வளவு பெரிய நினைவுச் சின்னத்துக்கு உரியவள் எப்படிப்பட்டவள், என்ன செய்தாள் என்பது பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இதை அக்காவிடம் சொன்னபோது சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "நான் மிஸஸ் கேப்டனா இருந்தேன், மிஸஸ் மேஜரா இருந்தேன், மிஸஸ் கர்னலா ரிட்டயர் ஆனேன். அந்தப் பொண்ணுக்குப் பேராவது எழுதி வெச்சிருக்காங்களே. அங்க போகணும்டா" என்றார்.

அடுத்தது மார்கோ சிமோனே. நகரின் வடகிழக்கே, குயிடோனியா ஊர்ப்பக்கம், மேடும் பள்ளமுமான நிலம். முழங்காலை நினைத்துத் தயங்கினேன். மின் வண்டி கேட்டால் சமாளிக்கலாம் என்றார் அத்தான். கிழக்கே இன்னும் கொஞ்சம் போனால் திவோலி. ஹேட்ரியன் மன்னரின் மாளிகை இடிபாடுகளும், வில்லா டெஸ்டே தோட்டத்தின் நீரூற்றுகளும் அங்கேதான். இரண்டுமே உலகப் பாரம்பரியச் சின்னங்கள். ரோமிலிருந்து திவோலிக்கு ரயில் இருக்கிறது. அக்காவுக்கு ஒரு முழுப் பகல் போதாது.

ஓல்ஜியாட்டாவும் எரிமலை வாயும் பட்டியலிலிருந்து விலகின.

பிறகு கிழமைகள். இத்தாலியில் பல கோல்ஃப் கிளப்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பல அருங்காட்சியகங்களுக்கும் அப்படியே. கொலோசியம் மட்டும் திறந்திருக்கும். எனவே திங்கள் இருவரும் கொலோசியம். செவ்வாய் அவருக்கு அக்வாசாந்தா, அவருக்கு எதிரே அக்காவுக்கு ஆப்பியா சாலை. புதன் போர்கேசே கலைக்கூடம். அங்கே ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம்தான் விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் போய்ப் பயனில்லை. வியாழன் மார்கோ சிமோனே, திவோலி. வெள்ளி வாடிகன். ஞாயிற்றுக்கிழமை வாடிகன் அருங்காட்சியகம், மாதக் கடைசி ஞாயிறு தவிர, மூடியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

மாதத்தைப் பொறுத்தவரை ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் ரோமின் வெயில் சென்னைக்காரரையே நிழல் தேட வைக்கும். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி உள்ளூர்க்காரர்களே கடையை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள்.

காகித வேலையும் உண்டு. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கிளப்களுக்கு முன்கூட்டியே எழுதி நாள் கேட்க வேண்டும். ஹேண்டிகேப் சான்றிதழ் கேட்பார்கள். மட்டைப் பைக்கு விமானத்தில் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று டிக்கெட் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். நம் ஊர் மாதிரி பை தூக்கவும் பந்து தேடவும் கேடி பையன் வருவான் என்று எதிர்பார்க்கக் கூடாது. தள்ளுவண்டியில் பையை வைத்துத் தானே தள்ள வேண்டும். இதைக் கேட்டுத்தான் அத்தான் முதல் முறையாக யோசித்தார்.

திட்டத்தைத் தட்டச்சு செய்து இருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பினேன். ஒரே பிரதி என்றால் அது அத்தானின் மேஜையோடு நின்றுவிடும்.

இரண்டு நாள் கழித்து அத்தான் கூப்பிட்டார். நான்கு இரண்டாகக் குறைந்ததற்குச் சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. "செவ்வாய்க்கிழமை ஒரு விஷயம்" என்றார். "அக்வாசாந்தாவிலிருந்து பார்த்தால் அந்தக் கல்லறை தெரியுமாமே?"

தெரியும் என்றுதான் அங்கே ஆடியவர்கள் சொல்கிறார்கள் என்றேன்.

"எந்தக் குழியிலேர்ந்துன்னு விசாரி. உங்க அக்கா அங்கே எத்தனை மணிக்கு இருப்பான்னும் கேட்டு வை."

கிளப்புக்கு எழுதியிருக்கிறேன். அக்கா பத்தரை மணி என்றிருக்கிறார்.